நாற்காலிச் சவாரி

இரும்பு பீரோ ஒன்றை ஒற்றை ஆளாக முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறியதால் அவனுக்கு பீரோ என்று பெயர் வந்தது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. கண்ணாடி வைத்த பீரோ அது. உள்ளே வீட்டுக்காரம்மா எடுக்க மறந்த பாத்திரங்கள் வேறு. மேலே போய் இறக்கி வைத்துவிட்டு, "என்னம்மா, உள்ள யாரையாவது வெச்சுப் பூட்டிட்டீங்களா?" என்று அவன் கேட்டதைச் சொல்லிச் சொல்லியே வீடு மாற்றும் ஆட்கள் பல வருஷம் சிரித்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது.

அந்த மனுஷன்தான் இப்போது ஐம்பத்து மூன்று வயதில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, செருப்பை மாட்டலாமா வேண்டாமா என்று பத்து நிமிஷமாக யோசித்துக்கொண்டிருந்தான். குனிந்தால் மூச்சு முட்டும். முட்டினால் நிமிர்ந்து, வாயைக் குவித்து ஊதித் தள்ள வேண்டும். அது அடங்கிய பிறகுதான் அடுத்த செருப்பு.

இருபத்தைந்து வருஷம் சிகரெட், முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுத் தூசி. எது எவ்வளவு கெடுத்தது என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நுரையீரல் தொளதொளத்துப் போயிருந்தது. காற்று உள்ளே போய்விடும், வெளியே வரத்தான் அடம்பிடிக்கும். பழைய குடித்தனம் சாமானைக் காலி செய்யாத வீட்டில் புதுக் குடித்தனம் வந்து இறங்குகிற மாதிரி என்று பீரோவே சொல்லுவான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்துவான்.

நோய் வந்த பிறகு அவனைக் கால் தரையில் படாமல் தாங்கினார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தாங்கினார்கள். அவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடி. மாடிக்குப் பதினாறு படி, மொத்தம் நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கூட்டாளிகள் நாலு பேர், கை வைத்த மர நாற்காலி ஒன்றோடு வந்துவிடுவார்கள். சாமான் தூக்கும் பட்டையை நாற்காலிக்கு அடியில் கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனை உட்காரவைத்துக் கீழே இறக்குவார்கள். அவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஃப்ரிட்ஜைவிட அவன் லேசு. படி திரும்புகிற இடத்தில் அவன் தலை இடிக்காமல் இருக்க ஒருவன் சுவருக்கும் தலைக்கும் நடுவே உள்ளங்கையை வைப்பான். கண்ணாடிச் சாமானுக்கு மட்டும் செய்கிற மரியாதை அது.

பக்கத்து வீடுகளில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். "ராஜா கிளம்பிட்டாரு" என்பார்கள். பீரோ கையை அசைப்பான். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொல்வதானால், பிறகு பிடித்தும் போய்விட்டது.

நாற்காலியைக் கீழ்ப்பக்கம் பிடிப்பவன் பெயர் மேல்பிடி. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் காரணம் உண்டு. படியில் ஒரு சாமானை இரண்டு பேர் ஏற்றினால் மேலே பிடிப்பவன் வழி பார்ப்பான், கீழே பிடிப்பவன் பாரம் தாங்குவான். இருபத்திரண்டு வருஷம் பீரோ கீழே, இவன் மேலே. பாரத்துக்கு அடியில் இருப்பவனுக்குப் பேச மூச்சு இருக்காது. அதனால் கீழே இருப்பவன் உள்ளங்கையால் சுவரில் ஓங்கி ஓர் அறை அறைந்தால், 'என் கை விடப்போகிறது, நீ பிடி' என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் மேலே இருப்பவன் யோசிக்கக் கூடாது. யோசிக்கிற நேரத்தில் கீழே ஒரு பிணம் விழுந்துவிடும். ஒருமுறை கனத்த மரக்கட்டில் ஒன்று பீரோவின் நெஞ்சுக்கு நேரே வழுக்கியபோது அவன் அறைந்தான். மேல்பிடி கைப்பிடிக் கம்பியில் காலை முட்டுக்கொடுத்து முழுக் கட்டிலையும் ஒருவனாக நிறுத்தினான். அன்று இறங்கிய அவன் வலது தோள் இன்றுவரை சரியான இடத்துக்கு வரவில்லை.

பீரோவுக்கு உடம்பு முடியாமல் போனதும், யாரும் சொல்லாமலே அவன் கீழ்ப்பக்கம் வந்து நின்றுகொண்டான்.

வீட்டுக்குள் மனைவியின் ராஜ்ஜியம். அவள் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள். காலையில் கிளம்புமுன் தண்ணீர், சாப்பாடு, மாத்திரை, உறிஞ்சுகிற மருந்து, டிவி ரிமோட், சிறுநீர்க் குடுவை எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து கை எட்டுகிற இடத்தில் வரிசையாக வைத்துவிடுவாள். "எங்க வீட்டுக்காரரை நான் ஒரு துரும்பு நகர்த்த விடறதில்ல" என்று தொழிற்சாலையில் பெருமையடித்துக்கொள்வாள். இப்படிப் பதினாலு மாதம் ஓடியது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர், பீரோ குழாயில் ஊதிய சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "நுரையீரல் போன வருஷம் இருந்த இடத்துலதான் இருக்கு. பெருசா மோசமாகல" என்றார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. கதவருகே நின்ற மேல்பிடி மற்ற மூன்று பேரையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"அப்புறம் ஏன் இவரால பாத்ரூம் வரைக்கும் போக முடியல?" என்றார் டாக்டர்.

பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே பிசியோ மேடம் தையல்காரரைப் போல நாடா எடுத்து அவன் தொடையைச் சுற்றி அளந்தார். போன வருஷத் தாளில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று இருந்தது. இப்போது முப்பத்தொன்பது. பிறகு வெளியே முப்பது மீட்டர் நீள நடைவழியில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார். பீரோ எழுபது மீட்டர் நடந்தான். நாலு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றதையும் நடந்த கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

"வீட்டுல மாடிப்படி யார் ஏத்தி இறக்கறாங்க இவரை?" என்று மேடம் கேட்டார்.

நாலு பேரும் கையைத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளைகள் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். "நாங்கதான் மேடம். ஒரு படிகூட மிதிக்க விட்டதில்ல" என்றான் மேல்பிடி.

மேடம் கொஞ்ச நேரம் அந்த நாலு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஐயா, ரொம்ப வருஷம் ஒரே இடத்துல நின்ன இரும்பு பீரோவுக்கு முதல்ல எங்க துரு பிடிக்கும்?"

"கால்ல" என்றான், யோசிக்காமல். "மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும் மேடம். தூக்கினா கால் பொடிப்பொடியா உதிரும்."

"அதேதான் உங்களுக்கும். காத்துல இருக்கற ஆக்சிஜன்தான் இரும்பைத் துருவாக்குது. உங்க நெஞ்சுல பல வருஷமா ஆறாத அழற்சி இருக்கு. அங்கேருந்து கெட்டுப்போன ஆக்சிஜன் பொறி மாதிரி கிளம்புது, தசைக்குள்ளயும் அது கிளம்புது. அதுதான் தசையை அரிக்குது. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் நடக்கறதுதான். வேலை செய்யற தசைகிட்ட அந்தப் பொறியை அணைக்கற சக்தி இருக்கும். சும்மா கிடக்கற தசைகிட்ட அது குறைஞ்சுபோயிடும். உங்க தொடை பதினாலு மாசமா சும்மா கிடக்கு."

"எண்ணெய் விட்டா போகுமா?" என்றான் பீரோ. கிண்டல்தான். ஆனால் குரல் கிண்டலாக வரவில்லை.

"நடைதான் எண்ணெய். அதுக்காக ஒரே நாள்ல மாடி ஏறிக் காட்டறேன்னு கிளம்பிடாதீங்க. அளவுக்கு மீறி அலட்டினாலும் அரிப்பு அதிகமாகும். கொஞ்சம் கொஞ்சமா, தினமும்."

மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மேல்பிடி தூக்கிய கையை இன்னும் முழுதாக இறக்கியிருக்கவில்லை.

டாக்டர் மிச்சத்தைச் சொன்னார். கெட்டுப்போன பகுதிக்குக் காற்று போகும் குழாயில் சின்ன வால்வு வைத்து அடைத்துவிட்டால் அந்தப் பகுதி சுருங்கும், நல்ல பகுதிக்கு இடம் கிடைக்கும், மூச்சு விடலாம். பீரோவின் நெஞ்சு அதற்குத் தோதானது. ஆனால் ஆறு நிமிஷத்தில் நூற்றைம்பது மீட்டர் நடக்காதவரை, வால்வு யாருக்கு வைக்கலாம் என்று முடிவெடுக்கும் இந்த ஆஸ்பத்திரியின் குழு எடுத்துக்கொள்ளாது. குழு எட்டு வாரம் கழித்துக் கூடுகிறது.

"நடக்கலேன்னா?" என்றாள் மனைவி.

"பெரிய சளி ஒண்ணு வந்தாப் போதும்மா. இந்த உடம்பு தாங்காது."

எட்டு வாரம் அந்த வீட்டில் நடந்தது போர்தான். மனைவி கட்டிலைச் சுற்றி வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூரம் நகர்த்தினாள். தண்ணீர் சமையலறைக்குப் போனது. ரிமோட் அலமாரி மேல் போனது. குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். முதல் நாள் அதைச் செய்துவிட்டு வேலைக்குப் போனவள், முப்பது சட்டைக்குப் பொத்தானைத் தப்பான இடத்தில் தைத்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அத்தனையையும் பிரித்துத் தைத்தாள். வீட்டில் தாகத்தோடு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பில் ஊசி எங்கே போகும்?

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும் என்பது மேடம் கொடுத்த பாடம். ஒருமுறை எழுந்தால் மனைவி கிண்ணத்தில் ஒரு பொத்தான் போடுவாள். முதல் நாள் மூன்று பொத்தான். மூன்றாவதுக்குப் பிறகு பீரோவின் தொடை, பிடித்துவைத்த கோழியைப் போலத் துடித்தது. "எழுந்திருங்க" என்றாள். "முடியலடி" என்றான். "எழுந்திருங்கன்னு சொல்றேன்ல" என்று கத்திவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முப்பது வருஷத்தில் அவள் அவனைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை.

மேல்பிடிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "நாங்க நாலு பேர் உயிரோட இருக்கும்போது நீ ஏன்டா கஷ்டப்படணும்?" என்று நூறு முறை கேட்டிருப்பான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாற்காலி, மற்றபடி வரக்கூடாது என்று பீரோ கண்டிப்பாகச் சொன்ன பிறகு, கீழே சாமான் வண்டியில் உட்கார்ந்தபடி மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஐந்தாவது வாரம் பீரோ ஒரு மாடி இறங்கி ஏறினான். ஏழாவது வாரம் கிண்ணத்தில் பதினெட்டுப் பொத்தான் விழுந்தது. வீட்டு நடைவழியில் நாடாவால் அளந்து நடந்து பார்த்ததில் நூற்று முப்பது மீட்டர் வந்தது. அந்த வாரமே சோதனை நடந்திருக்க வேண்டும். சளி பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் படுக்கை. கடைசியில் குழு கூடுகிற அன்று காலைதான் நாள் கிடைத்தது. குழு பிற்பகல் இரண்டு மணிக்கு.

காலின் பலத்தைச் சோதனைக்குச் சேமித்துவைக்க வேண்டும் என்று அன்றும் நாற்காலியில்தான் இறங்கினான். "ராஜா கிளம்பிட்டாரு" என்று அன்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

நடைவழியின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைத்திருந்தார்கள். ஐந்து தடவை அந்த நீளம் போனால் நூற்றைம்பது. மேடம் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "அவர் நிக்கலாம், சுவர்ல சாயலாம். நான் கடிகாரத்தை நிறுத்த மாட்டேன். ஆனா யாரும் தொடக்கூடாது. யார் கை பட்டாலும் சோதனை செல்லாது. இன்னிக்கு இன்னொரு தடவை நடக்க அவர் கால்ல பலம் இருக்காது." பிறகு மேல்பிடியைப் பார்த்து, "நீங்க கை மேல உட்காருங்க" என்றார்.

மேல்பிடி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

முதல் நீளம் நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் நெஞ்சுக்குள் கதவடைத்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து வாயைக் குவித்து ஊதினான். பாரத்தோடு படி திரும்புகிற இடத்தில் நிற்கும்போது இப்படித்தான் ஊதுவார்கள்; முப்பது வருஷம் செய்த வேலை. இன்றைக்குச் சாமான் தன் உடம்புதான் என்று நினைத்துக்கொண்டான். இறக்கிவைக்க முடியாத சாமான். மறுபடி கிளம்பினான்.

நாலாவது நீளம் முடிந்தபோது மேடம் "நாலரை நிமிஷம்" என்றார். இன்னும் முப்பது மீட்டர், ஒன்றரை நிமிஷம். மனைவி சுவரோடு ஒட்டி நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பீரோவுக்கு அவள் முகம் தெரிந்தது, பிறகு மங்கியது. தொடைக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்ட மாதிரி எரிந்தது. ஆரஞ்சுக் கூம்பை மட்டும் பார்த்தான். பத்து மீட்டர் கடந்தான். இருபது கடந்தான். கூம்பு ஒன்பது மீட்டரில் நின்றது. நேரமும் இருந்தது. அந்தத் தூரத்தை அவன் ஊர்ந்துகூடக் கடந்திருக்கலாம்.

வலது முழங்கால் மடங்கியது. கை தானாகப் பக்கவாட்டில் போய்ச் சுவரில் பட்டென்று அறைந்தது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மேல்பிடி அவனைப் பிடித்திருந்தான். பெஞ்சிலிருந்து எப்படி எழுந்தான், எப்படி வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கை அக்குளுக்கு அடியில், இன்னொரு கை இடுப்பில். இறங்கிய தோளை முட்டுக்கொடுத்து நின்றான். "பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன்டா, விடு" என்றான். இருபத்திரண்டு வருஷம் சொன்ன அதே வார்த்தை.

பிறகுதான் அவனுக்கு மேடத்தின் முகம் தெரிந்தது. பிடித்த கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் மரம் மாதிரி நின்றான்.

மேடம் கடிகாரத்தை நிறுத்தினார். அதில் இன்னும் நாற்பது நொடி மிச்சமிருந்தது.

"நூத்தி நாப்பத்தொண்ணு" என்றார் மெதுவாக. "ஆனா கை பட்டுடுச்சுன்னு நான் எழுதியே ஆகணும்."

"மேடம், அவர் விழுந்திருப்பாரா? விழுந்திருக்க மாட்டாருல்ல?" என்று மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுவரைப் பிடிச்சு நின்னுருப்பாரு மேடம். வீட்டுல அப்படித்தான் நிப்பாரு. நான் பாத்திருக்கேன்."

"தெரியலம்மா. தெரியறதுக்கு முன்னாடி கை வந்துடுச்சு."

டாக்டரிடம் போய் நின்றார்கள். மனைவி கெஞ்சினாள். நாலு பேரில் வண்டி ஓட்டுகிற டிரைவர், டாக்டரின் காலில் விழப் போனான். மேல்பிடி அறைக்குள் வரவே இல்லை. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; நல்ல மனுஷன், பார்த்தால் எண் மாறிவிடும் என்று நம்பியவரைப் போலப் பார்த்தார். "நான் கொண்டுபோய் வைக்கறேன். ஆனா குழு இந்தத் தாளைத்தான் பார்க்கும். அடுத்தது மூணு மாசம் கழிச்சு" என்றார். அதுவரை சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்று மணிக்குச் செய்தி வந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டியில் திரும்பினார்கள். பாதி வழியில் மேல்பிடி, யாரையும் பார்க்காமல், "நீ அறைஞ்சடா" என்றான்.

"ஆமா."

"சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியல."

"ஆமாடா. நான்தான் அறைஞ்சேன்."

பீரோ வண்டியின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கோபப்பட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார்மேல் படுவது? முழங்கால் மடங்கியதால் கை அறைந்ததா, பிடிக்க ஆள் இருக்கிறான் என்று தெரிந்துதான் முழங்கால் மடங்கியதா? திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். பிடிபடவில்லை. பதினாலு மாதம் நாற்காலியில் போன உடம்பு, கடைசி ஒன்பது மீட்டரில் தானாகவே நாற்காலியைக் கேட்டுவிட்டதோ என்ற பயம் மட்டும் மிஞ்சியது. மூன்று மாதம் கழித்தும் இதேதான் நடக்கும். அதற்குப் பிறகு இன்னொரு மூன்று மாதம் இருக்காது.

கட்டிடத்தின் வாசலில் டிரைவர் நாற்காலியை இறக்கிப் பட்டையைச் சரிசெய்தான். மற்ற இருவரும் பழக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"சேரை வண்டியில வை" என்றான் பீரோ.

"என்னங்க..."

"நான் ஏறறேன்."

"நாப்பத்தெட்டு படி" என்றாள் மனைவி. "ஒரு மாடிக்கு மேல நீங்க ஏறினதே இல்ல. காலையில அவ்வளவு நடந்திருக்கீங்க. மேடம் என்ன சொன்னாங்க? அலட்டக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"நின்னு நின்னு ஏறறேன். பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்." மூச்சு வாங்கிக்கொண்டு மேல்பிடியைக் காட்டினான். "இவன் எனக்குக் கீழ வரட்டும். ஆனா இவன் கையை நம்ப முடியாது. பட்டையை எடுத்து இவன் கையைப் பின்னால கட்டு."

கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்தவர், பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டார்.

மேல்பிடிதான் முதலில் அசைந்தான். நாற்காலிக்கு அடியிலிருந்து பட்டையை உருவி மனைவியிடம் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்து வைத்தான். "கட்டு தங்கச்சி" என்றான். "இறுக்கிக் கட்டு. நல்ல முடிச்சாப் போடு. எனக்கு அவிழ்க்கத் தெரிஞ்ச முடிச்சு வேணாம்."

பொத்தான் தைக்கிற விரல்களால் இறுக்கிக் கட்டினாள்.

"நீ விழுந்தா என் மேல விழு" என்றான் மேல்பிடி, பீரோவிடம். "அதுக்குக் கை தேவையில்ல."

மனைவி இரண்டு படி மேலே, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியோடு. நடுவில் பீரோ. இரண்டு படி கீழே, கைகட்டிய நிலையில் மேல்பிடி. மற்ற மூவரும் வாசலிலேயே நின்றார்கள். மேலே வரக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

முதல் பதினாறு படிக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. திருப்பத்தில் உட்கார்ந்தான். மனைவி விரலில் கருவியை மாட்டினாள். எண்பத்தேழு. தொண்ணூறு ஆகும்வரை காத்திருந்தார்கள். அடுத்த பதினாறில் நாலு படிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. இதே படியில் எத்தனை வீட்டுச் சாமானை ஏற்றியிருக்கிறான்; எந்தப் படியின் விளிம்பு தேய்ந்திருக்கிறது, எங்கே சுவர் உள்வாங்கியிருக்கிறது என்று அவன் தோளுக்குத் தெரியும். காலுக்குத்தான் மறந்துபோயிருந்தது. இரண்டாவது மாடியில் அவன் உட்கார்ந்தபோது சட்டை முழுதும் நனைந்திருந்தது. எண்பத்தைந்து. "போதுங்க. கையெடுத்துக் கும்பிடறேன். போதும், அவங்களைக் கூப்பிடறேன்" என்றாள் மனைவி. அவன் தலையை ஆட்டினான். பேச மூச்சு இல்லை. எண் ஏறுவதற்கு இருபது நிமிஷம் பிடித்தது.

முப்பத்து மூன்று. முப்பத்து நாலு.

முப்பத்தைந்தாவது படியில் வலது காலை ஊன்றினான். அது காலையில் மடங்கிய மாதிரியே மடங்கியது. கை பக்கவாட்டில் போய்ச் சுவரில் பட்டென்று அறைந்தது.

கீழே பட்டை இழுபடுகிற சத்தம் கேட்டது. தோள் நெரிகிற சத்தமும் கேட்டது. "டேய்" என்று மேல்பிடி அலறினான். ஒரு படி ஏறி, அவனைத் தொடாமல், விழுந்தால் தாங்க நெஞ்சைக் காட்டி நின்றான். மேலே மனைவி கையை நீட்டப் போய், நீட்டிய கையைத் தானே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

எந்தக் கையும் வரவில்லை.

பீரோ நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். இடது கை கைப்பிடிக் கம்பியில், வலது உள்ளங்கை சுவரில். அந்தப் பாழாய்ப்போன கால் வெடவெடவென்று நடுங்கியது. வாயைக் குவித்து ஊதினான். இன்னொரு முறை ஊதினான். பின்னால் மேல்பிடி தேம்புவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்துவிடுவோம், விழுந்தால் அவன் தாங்கிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். எத்தனை மூச்சு போனது என்று எண்ணவில்லை. மடங்கிய முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக, துருப்பிடித்த கீல் மாதிரி, நிமிர்ந்தது.

அவன் சுவரிலிருந்து உள்ளங்கையை எடுத்தான். அது சிவந்திருந்தது.

"எண்ணுடா" என்றான், மூச்சு கிடைத்ததும்.

"முப்பத்தஞ்சு" என்றான் மேல்பிடி, மூக்கைத் துடைக்கக் கை இல்லாமல்.

இன்னும் பதின்மூன்று படி இருந்தது.